1098 மொறிஸ் மைனர்: எஸ்யூ காபரேற்றரைக் கழற்றிப் பூட்டி ரியூன் பண்ணுவது எப்படி?

வெள்ளவத்தை_மைனர்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1098 சிசி எஞ்சின், ஒற்றை எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றர். அப்பா ஓட்டிய கார். 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட காலத்தில் போர்ட்டிக்கோவில் நிறுத்தியது, அதன்பிறகு நெடுநாள் அசையவில்லை. டாங்கில் கிடந்த பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி ஸ்ரார்ட் பண்ணியாயிற்று.

பிரச்சினை இதுதான். காலையில் சோக் இழுத்தால் உடனே பிடிக்கிறது. சூடேறியதும் ஐட்லிங் ஏறுகிறது, இறங்குகிறது. கொழும்பில் காலி வீதியில் சிக்னலுக்கு நின்றால் அணைந்துவிடுகிறது. ஓடும்போது சைலன்சரில் கரும்புகை. பிளக் நாலிலும் கரி.

ஒரு கராஜில் காபரேற்றருக்குக் கீழே இருக்கும் நட்டைத் திருகித் தந்தார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். இன்னொரு இடத்தில் "இதைக் கழற்றிப் போட்டுவிட்டு யப்பான் காபரேற்றர் ஒன்று பூட்டுங்கள்" என்றார்கள். எனக்கு மனமில்லை. நானே செய்து பார்க்க ஆசை. ஸ்பானர் செட் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பஞ்சிகாவத்தை_பாஸ்

தம்பி, முதலில் அந்த நட்டை மறந்துவிடுங்கள். எஸ்யூவில் பெற்றோல், காற்றுக் கலவையைச் சரிசெய்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் எஞ்சின் ஒழுங்காக இருக்க வேண்டும். ரப்பெற் (வால்வு) இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் 15 தௌ. பிளக் 25 தௌ. டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாயின் நுனி ரப்பர்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அங்கேயும் காற்று இழுக்கும், ரைமிங்கும் ஏறாது.

இதெல்லாம் சரியென்றால், காபரேற்றரைக் கழற்றாமலே மூன்று விஷயம் பார்க்கலாம். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போடுங்கள். எஸ்யூ பெற்றோல் பம்ப் சில தடவை 'ரிக் ரிக்' என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல், அல்லது விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் மிதவை வால்வு மூடவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அடுத்தது சோக். எஸ்யூவில் மற்றக் காபரேற்றர்களில் போல வாயை மூடும் தட்டு கிடையாது. சோக் இழுத்தால் பெற்றோல் வரும் குழாயான ஜெட் கீழே இறங்கும், அவ்வளவுதான். தள்ளியதும் அது நட்டில் முட்டும்வரை மேலே வர வேண்டும். கீழே கையை விட்டு ஜெட்டை மேலே அழுத்திப் பாருங்கள். அசைந்து மேலே போனால், இத்தனை நாளும் அரைச் சோக்கில் ஓடியிருக்கிறீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். திரொட்டில் ஸ்பின்டிலின், அதாவது அக்சிலேற்றரை மிதித்தால் திரும்பும் தண்டின், இரண்டு நுனியையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றுவதைச் சொல்லவில்லை, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவை எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

தெமட்டகொடை_92

நான் வேறு மாதிரி யோசிப்பவன். எனது மைனரை ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஓட்டுகிறேன். யப்பான் காரின் இரட்டை வாய்க் காபரேற்றர் ஒன்றை அடப்டர் தட்டு வைத்துப் பூட்டினேன். மழையோ வெயிலோ சாவி போட்டால் பிடிக்கும். எந்த கராஜுக்குப் போனாலும் பையன்களுக்கு அதைத் தெரியும். எஸ்யூ அழகுதான், ஆனால் இன்று அதைத் தொடத் தெரிந்த கைகள் கொழும்பில் குறைந்துவிட்டன. தினசரி ஓட்டத்துக்குக் கார் வேண்டும் என்றால் இதையும் யோசியுங்கள் அண்ணா.

மருதானை_நானா

தெமட்டகொடைத் தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, தொடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதற்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எஸ்யூவைச் செய்தவர்கள் ஸ்கின்னர் சகோதரர்கள், இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பம். முதல் மாதிரிகளில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. 1926இல் மொறிஸ் அந்தக் கம்பனியை வாங்கினார். அதனால்தான் மொறிஸ், ஓஸ்டின், எம்ஜி என்று எங்கள் ஊருக்கு வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் இதையே காண்கிறோம்.

வேலை செய்யும் விதம் எளிது. சாதாரணக் காபரேற்றரில் காற்றுப் போகும் தொண்டை ஒரே அளவு. அதனால் ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், மிதித்தால் பீச்ச ஒரு பம்ப் என்று பல துளைகள் வேண்டும். எஸ்யூவில் ஒரு ஜெட், ஒரு ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்கு டேஷ்பொட்டில் (காபரேற்றரின் மேலே இருக்கும் கிண்ணம் போன்ற அறை) இருக்கும் பிஸ்ரன் மேலே எழும். தொண்டை தானாக விரியும். ஜெட்டுக்கு மேலே போகும் காற்றின் வேகம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். பிஸ்ரனோடு சேர்ந்து எழும் ஊசி கீழே போகப் போக மெலிந்திருப்பதால், எவ்வளவு உயரத்துக்கு எழுகிறதோ அவ்வளவு பெற்றோல் விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்பின்டில் தேய்ந்து அதன் ஓரத்தால் காற்று நுழைந்தால், அந்தக் காற்று பிஸ்ரனுக்குக் கீழால் வரவில்லை. பிஸ்ரனை எழுப்பாது, பெற்றோலையும் இழுக்காது. ஐட்லிங்கில் எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அதில் இந்தக் கள்ளக் காற்று பெரும் பங்கு, ஆகவே கலவை லீன் ஆகி (பெற்றோல் குறைந்து) எஞ்சின் தடுமாறும். கராஜில் என்ன செய்வார்கள்? நட்டை இறக்கி ஜெட்டைக் கீழே விடுவார்கள். ஐட்லிங் நிமிரும். ஆனால் வீதியில் திரொட்டில் திறந்து ஓடும்போது அந்த ஒழுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, ஜெட்டோ இறங்கியபடியே இருக்கிறது. அப்போது பெற்றோல் கூடும், கரும்புகை வரும், பிளக் கரியும். வெள்ளவத்தைத் தம்பி சொன்ன இரண்டு நோயும் ஒரே நோயாக இருக்க இடமுண்டு. ஒழுக்கை அடைக்காமல் நட்டை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் சரிவரும், மறுபக்கம் கெடும்.

யப்பான் காபரேற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஜெட்டுகள் வேறொரு எஞ்சினுக்கு அளந்தவை. 1098க்கு ஏற்ற ஜெட் தேடிப் போடாமல் அப்படியே பூட்டினால் அது ஓடும், ஆனால் எஞ்சின் என்ன கலவையில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அடப்டர் தட்டு சூட்டில் கோணினால் அங்கேயும் காற்று நுழையும்.

தெமட்டகொடை_92

ஜெட் விஷயம் சரி நானா. நான் மெயின் ஜெட்டை மாற்றிப் பிளக் நிறம் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். ஆனால் எல்லோரும் அதைச் செய்வதில்லை என்பது உண்மை.

வெள்ளவத்தை_மைனர்

எல்லாம் பார்த்தேன். ரப்பெற் இரண்டு இறுக்கமாக இருந்தன, சரிசெய்தேன். பொயின்ற் புதிது. பம்ப் அடித்துவிட்டு நிற்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி ஒரு 'ரிக்'. சோக் தள்ளினால் ஜெட் முழுதாக மேலே வருகிறது.

ஸ்பின்டில் நன்றாக ஆடுகிறது. சோக் கேபிள் பக்கத்தில் அதிகம். ஐட்லிங்கில் ஓடவிட்டு எண்ணெய்க் குப்பியால் ஸ்பின்டில் நுனியில் இரண்டு சொட்டு விட்டேன். எஞ்சின் சத்தம் உடனே மாறியது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி தடுமாற்றம். நானா சொன்னது அப்படியே.

பஞ்சிகாவத்தை_பாஸ்

சந்தேகமே இல்லை. கழற்றுங்கள். சிலர் இந்தச் சோதனைக்குக் காபரேற்றர் கிளீனரை அடிப்பார்கள். சூடான சைலன்சர் மனிஃபோல்ட் நேர்கீழே இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்ச் சொட்டுப் போதும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை: டேஷ்பொட் மூடியைக் கழற்றுமுன் அதற்கும் உடலுக்கும் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். டேஷ்பொட்டும் பிஸ்ரனும் ஒரு சோடி, ஒன்றுக்கொன்று பொருத்தி வந்தவை. இன்னொரு காபரேற்றரின் பிஸ்ரனை இதில் போட முடியாது. உள்பக்கத்தை எமரித் தாளால் தேய்க்கவே கூடாது. தின்னர் தோய்த்த துணியால் துடைத்தால் போதும். பிஸ்ரனை மேசையில் உருளவிட்டால் ஊசி வளைந்துவிடும், ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊசி கீழே தொங்கும்படி நிறுத்தி வையுங்கள்.

ஸ்பின்டிலில் பூட்டியிருக்கும், தொண்டையைத் திறந்து மூடும் பட்டர்பிளைத் தட்டின் விளிம்பு சரிவாக வெட்டியது. எந்தப் பக்கம் மேலே, எந்த முகம் வெளியே என்று அடையாளம் போடாவிட்டால் பிறகு மூடாது. அதைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்குறூவின் வால் பிளந்து விரித்திருக்கும். கழற்றிய ஸ்குறூவைத் திரும்பப் போடாதீர்கள். புதிது போட்டு, தட்டு நடுவில் மூடுகிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாலை விரியுங்கள். அந்த ஸ்குறூ கழன்று விழுந்தால் நேரே எஞ்சினுக்குள்தான்.

கொட்டாஞ்சேனை_லேத்

ஸ்பின்டில் வேலை பற்றி நான் சொல்கிறேன். எச்எஸ்2 ஸ்பின்டில் கால் அங்குலம். முதலில் புதிய ஸ்பின்டிலை வாங்கிப் பழைய உடலில் போட்டுப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் உடல் நல்லது, வேலை முடிந்தது. இன்னும் ஆடினால் உடலின் துளை முட்டை வடிவமாகிவிட்டது, புஷ் (துளைக்குள் நுழைக்கும் உலோக வளையம்) போட வேண்டும்.

புஷ் போடும்போது இரண்டு பக்கத் துளையும் ஒரே கோட்டில் வர வேண்டும். கை டிரில்லால் தனித்தனியாகத் துளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். இரண்டு துளையையும் ஒரே பிடியில், ஒரே ரீமரை (துளையை அளவாக்கும் கருவி) உள்ளே விட்டு எடுக்கும் இடத்தில் செய்யுங்கள். கோணலானால் ஸ்பின்டில் இறுகும், அல்லது பட்டர்பிளை ஓரத்தில் உரசும். வெண்கலப் புஷ் நல்லது. நுழைத்தபிறகு தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டமாக்க மறக்க வேண்டாம்.

நீங்கள் வெள்ளவத்தையில் என்பதால் இன்னொன்று. கடற்காற்றுப் படும் வீட்டில் நின்ற கார் என்றால் உடலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். கம்பித் தூரிகை போடாதீர்கள். முகங்கள் மட்டமா என்று தடித்த கண்ணாடித் தட்டில் வைத்துப் பாருங்கள். மனிஃபோல்ட்டில் பொருந்தும் முகம், போல்ற்றை அளவுக்கு மீறி இறுக்கியதால் வளைந்திருப்பது சகஜம்.

வெள்ளவத்தை_மைனர்

உடலும் தேய்ந்துதான் இருந்தது. லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டாயிற்று. இப்போது ஸ்பின்டில் விரலால் தட்டினால் சுழல்கிறது, ஆட்டம் இல்லை.

உள்ளே பார்த்தவை: மிதவைக் கிண்ணத்தின் அடியில் பிசின் போல மஞ்சள் படிவு. மிதவை வால்வின் ஊசி முனையில் வட்டமாக ஒரு தேய்வு. பிஸ்ரன் ஊசியில் 'ஏஎன்' என்று அடித்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் மினுக்கமாக உரசியிருக்கிறது. ஜெட்டின் வாயைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சரியான வட்டமாகத் தெரியவில்லை. இரண்டையும் மாற்றவா, ஜெட் மட்டும் போதுமா?

மருதானை_நானா

இரண்டையும் மாற்றுங்கள். ஏஎன்தான் 1098க்கு வந்த ஊசி, அதே வாங்குங்கள், ஸ்பிரிங் சிவப்பு. ஊசி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உரசி உரசி ஜெட்டை முட்டை வடிவமாக்கியிருக்கிறது. அப்படியான ஜெட்டில் நட்டை முழுதாக மேலே ஏற்றினாலும் ஐட்லிங்கில் பெற்றோல் கூடுதலாகத்தான் வரும்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். எஸ்யூ உதிரிப் பாகங்களை இன்றும் இங்கிலாந்தில் பர்லன் கம்பனி செய்கிறது, கொஞ்சம் காத்திருந்தாலும் அதை வரவழைப்பது நல்லது. பெயரில்லாத கிட் ஒன்றை நண்பர் ஒருவருக்காகப் பிரித்தேன். ஜெட்டின் குழாய் முனையில் போடும் ரப்பர் அளவில் சின்னது, பூட்டிய அன்றே பெற்றோல் கசிந்தது. பெற்றோல் கசிவு விளையாட்டல்ல, கீழே சூடான மனிஃபோல்ட்.

மிதவை மட்டம்: மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவையின் பாரம் வால்வை மூடியபடி இருக்கும். மிதவைக் கைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குல டிரில் பிட் நுழைய வேண்டும். பதினாறில் மூன்று வரை சரி. கை உலோகம் என்றால் மெல்ல வளைக்கலாம். முழுதும் பிளாஸ்ரிக் என்றால் வளைக்க முடியாது, வால்வு இருக்கைக்குக் கீழே வோஷர் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

புதிய ஊசியின் தோள் பிஸ்ரனின் அடிமுகத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். உள்ளேயும் போகக்கூடாது, வெளியேயும் நீளக்கூடாது. அப்புறம் நடுவாக்கும் வேலை. கலவை நட்டின் ஸ்பிரிங்கைக் கழற்றி, நட்டை முழுதாக மேலே ஏற்றி, ஜெட்டையும் மேலே தள்ளுங்கள். ஜெட் பேரிங்கின் பூட்டு நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேலிருந்து பென்சிலால் பிஸ்ரனை மெல்ல அழுத்திப் பிடித்தால் ஊசி தானே ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவரும். அப்படியே பூட்டு நட்டை இறுக்குங்கள். பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். பிறகு ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி விழ விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் நடுவில் இருக்கிறது. ஜெட் கீழே இருக்கும்போது மட்டும் சத்தம் கூர்மையாகக் கேட்டால் மறுபடி செய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் புதிய ஊசியும் அதே கதிதான்.

நாரஹேன்பிட்டி_ஓஸ்டின்

இடையில் ஒரு கேள்வி. டேஷ்பொட்டுக்கு என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? எனக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும் என்று சொன்னார்கள்.

பஞ்சிகாவத்தை_பாஸ்

20ஆம் நம்பர் எண்ணெய்தான் சொல்லப்பட்டது. தையல் மெஷின் எண்ணெய் எங்கள் சூட்டுக்கு மிகவும் நீர்த்தது. எஸ்யூவில் மிதித்தால் பீச்சும் பம்ப் இல்லை என்று நானா மேலே சொன்னார் அல்லவா, அந்த வேலையைச் செய்வது இந்த எண்ணெய்தான். சட்டென்று மிதிக்கும்போது பிஸ்ரன் உடனே எழாமல் எண்ணெய் பிடித்து வைக்கிறது. அந்தக் கணத்தில் ஜெட்டில் இழுவை கூடி, கொஞ்சம் கூடுதல் பெற்றோல் வருகிறது. எண்ணெய் நீர்த்தால் மிதித்ததும் ஒரு தயக்கம் வரும்.

தெமட்டகொடை_92

எனக்குத் தெரிந்த ஒருவர் 20டபிள்யூ50 எஞ்சின் எண்ணெய்யே விடுகிறார், நன்றாகத்தான் ஓடுகிறது.

பஞ்சிகாவத்தை_பாஸ்

ஓடும். ஆனால் பிஸ்ரன் எழத் தாமதிக்கும், மிதிக்கும்போதெல்லாம் ரிச் ஆகும் (பெற்றோல் கூடும்). கொழும்புச் சூட்டில் அது கொஞ்சம் இளகுவதால் சமாளிக்கிறது. நான் 20ஐயே விடுவேன். அளவு பார்க்க: டேம்பர் தண்டை உள்ளே இறக்கும்போது, மூடி திருகத் தொடங்குமுன் கால் அங்குலம் இருக்கையில் கையில் தடை தெரிய வேண்டும்.

வெள்ளவத்தை_மைனர்

எல்லாம் பூட்டியாயிற்று. பம்ப் இப்போது சாவி போட்டதும் அடித்துவிட்டு முழுதாக அமைதி. பிஸ்ரன் 'டக்' என்று விழுகிறது. இனி நட்டைத் தொடலாமா?

மருதானை_நானா

இப்போது தொடலாம். ஜெட் தொண்டையின் பாலத்தோடு மட்டமாக வரும்வரை நட்டை ஏற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள், அதாவது பன்னிரண்டு பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு பட்டை). சோக் கேபிள் தளர்வாக இருக்கட்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள், போர்ட்டிக்கோவில் ஓடவிட்டால் போதாது, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிக் கேளுங்கள். எஞ்சின் எங்கே வேகமாகவும் ஒழுங்காகவும் ஓடுகிறதோ அந்த இடம். ஐட்லிங் ஏறினால் ஸ்குறூவால் இறக்கிக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்த, காபரேற்றரின் அடியில் இருக்கும் தூக்கு ஊசியை அழுத்துங்கள். முதலில் வெறும் தளர்வு, அதன்பிறகு பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் லீன், கீழே இறக்குங்கள். கொஞ்சம் ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. சந்தேகம் என்றால் ஒரு பட்டை ரிச் பக்கம் விடுங்கள். 2002இல் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது, மாற்றாத பழைய எஞ்சின் வால்வு இருக்கைகள் லீன் சூட்டை அதிகம் தாங்காது.

வெள்ளவத்தை_மைனர்

பாஸ், நானா, லேத் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. தூக்கு ஊசி நீங்கள் சொன்னபடியே பதில் சொல்கிறது. மரைன் டிரைவில் தெஹிவளைப் பக்கம் போய் வந்து பிளக் கழற்றிப் பார்த்தேன், நாலும் இளம் மண்ணிறம். புகை இல்லை. சிக்னலில் அசையாமல் நிற்கிறது.

மிச்சம் ஒன்றே ஒன்று. மதிய வெயிலில் ஓட்டிவிட்டுக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தால் ஸ்ரார்ட் எடுக்கச் சிரமப்படுகிறது. அக்சிலேற்றரை எத்தனை தடவை மிதித்தாலும் பலன் இல்லை.

கொட்டாஞ்சேனை_லேத்

மிதிக்காதீர்கள், பம்ப் இல்லாத காபரேற்றரில் மிதித்து என்ன? இந்த எஞ்சினில் காபரேற்றரும் சைலன்சர் மனிஃபோல்ட்டும் ஒரே பக்கம். நிறுத்தியதும் சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் கொதித்துத் தொண்டைக்குள் வழியும். மிதியைப் பாதி அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட் பண்ணுங்கள், தேங்கிய ஆவி வெளியேறும். நிரந்தரமாக, காபரேற்றருக்கும் மனிஃபோல்ட்டுக்கும் நடுவே பேக்கலைட் துண்டு இருக்கிறதா பாருங்கள். பலர் கழற்றும்போது தொலைத்துவிட்டு வெறும் கஸ்கெற் போடுவார்கள். துண்டின் இரண்டு பக்கமும் கஸ்கெற் வேண்டும்.

வெள்ளவத்தை_மைனர்

இல்லை! ஒரு கஸ்கெற் மட்டும்தான் இருந்தது. தேடி வாங்குகிறேன். சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போக எண்ணம், அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பஞ்சிகாவத்தை_பாஸ்

நுவரெலியா 1868 மீற்றர். காற்று மெல்லியது, கலவை தானாக ரிச் ஆகும், ஐட்லிங் கனக்கும். ஒரு நாள் போய் வருவதென்றால் விட்டுவிடுங்கள். சில நாள் தங்குவதென்றால் அங்கே போனபின் ஒரு பட்டை, தேவைப்பட்டால் இரண்டு, மேலே ஏற்றுங்கள். திரும்பும்போது கட்டாயம் பழைய இடத்துக்கு இறக்குங்கள். கீழே வந்தபின் அதே நிலையில் வேகமாக ஓட்டினால் வால்வு எரியும். நட்டில் பெயின்ற் பொட்டு ஒன்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பம்பலப்பிட்டி_வோக்ஸ்வாகன்

இழை முழுதும் படித்தேன், மிகவும் பயனுள்ளது. என்னுடையது பீற்றில், சொலெக்ஸ் காபரேற்றர். ஸ்பின்டில் ஆட்டம் அதிலும் இப்படித்தானா? ஐட்லிங் அறவே இல்லை, மிதித்தால் மட்டும் ஓடுகிறது.

மருதானை_நானா

ஸ்பின்டில் எல்லாக் காபரேற்றரிலும் தேயும், எண்ணெய்ச் சொட்டுச் சோதனை அதற்கும் பொருந்தும். ஆனால் ஐட்லிங் அறவே இல்லை என்றால் முதலில் ஐட்லிங் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பாருங்கள், சொலெக்ஸில் அதற்குத் தனித் துளை. ஜெட்டின் இடத்தில் வயர் போகும் சொலனொயிட் இருந்தால், சாவி போட்டபின் வயரைக் கழற்றித் தொட்டால் 'ரிக்' என்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கரண்ட் வரவில்லை, அல்லது சொலனொயிட் போய்விட்டது. ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், காற்றால் மட்டும் ஊதுங்கள். காபரேற்றரில் அடித்திருக்கும் மாதிரி நம்பரைப் பார்த்துத் தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.